கார்பன் கேட்டு வரும் தம்பிமாருக்கு

சித்திரை நெருங்கினால் என் பட்டறைக்கு வருகிற ஆட்களே மாறிவிடுவார்கள். மற்ற மாதங்களில் டொல்ஃபின் வேன் பம்பர், தனியார் பஸ்ஸின் முன்முகம், ஆட்டோ மட்கார்ட் என்று வயிற்றுப்பாட்டு வேலைதான். நுவரெலியா சீசன் வரப்போகிறது என்றதும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்துப் பையன்கள் பழைய ஸ்டார்லெட்டையும் லான்சரையும் மினியையும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். கேள்வி ஒன்றுதான், எஞ்சினை மூடும் பொனட்டைக் கார்பன் நார்த் துணியில் செய்து தர முடியுமா என்று. "அண்ணே, கார்பன்ல ஒரு பொனட் செஞ்சு தருவீங்களா?"

தருவேன். ஆனால் அதற்கு முன் நிறையப் பேசுவேன். பேசிப் பேசி வாய் வலிக்கிறது என்பதால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

மலை ஏறும் கார்ப் பந்தயம் நமக்குப் புதிதல்ல. மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதெல்லவிலும் ஒன்று நடக்கிறது. மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு கிலோவும் எஞ்சினின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். அதிலும் உயரத்தில் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சினுக்கு நுவரெலியாவில் கொழும்பின் பலம் கிடையாது. ஆகவே எடையைக் குறைக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எதைக் குறைக்கிறோம், என்ன விலைக்குக் குறைக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0.7 மில்லிமீட்டர் இரும்புத் தகடு என்றால் ஐந்தரை கிலோ. அதே அளவை ஃபைபர்கிளாஸில், எங்கள் பேச்சில் கண்ணாடியில், கையால் போட்டால், சதுர மீட்டருக்கு 450 கிராம் வரும் மேட் (தாறுமாறாகக் கிடக்கும் கண்ணாடி நார்ப் பாய்) இரண்டு படை, அதாவது 900 கிராம் கண்ணாடி. மேட், நாரைப் பிடித்து இறுகும் பசையான ரெசினைக் குடிக்கும். கண்ணாடியைப் போல் இரண்டு மடங்கு, சில சமயம் இரண்டரை மடங்குகூடப் போகும். அதோடு மேலே வழுவழுப்பான ஜெல்கோட் பூச்சு. எல்லாம் சேர்ந்து மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும். கார்பனில் 200 கிராம் ட்வில் துணி மூன்று படை போட்டு, பையால் மூடி வாக்குவம் பம்பால் காற்றை இழுத்து, மிச்ச ரெசினை உறிஞ்சி எடுத்தால் ஒரு கிலோ சொச்சம்தான்.

ஐந்தரை எங்கே, ஒன்று எங்கே! இந்த இடத்தில்தான் பையன்களின் கண் விரியும். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று படைத் தகட்டைக் கையில் கொடுத்தால் அடுத்த கேள்வி வரும்: "என்னண்ணே, இப்படி வளையுது?"

வளையத்தான் செய்யும். ஒரு தகடு வளையாமல் நிற்பது பொருளின் விறைப்பை மட்டும் வைத்து நடப்பதில்லை, தடிப்பை வைத்தும் நடக்கிறது. அதிலும் தடிப்பைத் தடிப்பால் மூன்று தரம் பெருக்கிய கணக்கில் அது வேலை செய்யும். தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. கார்பன் நாரை மட்டும் எடுத்தால் கண்ணாடி நாரைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. விறைப்பை அளக்கும் கிகாபாஸ்கல் கணக்கில் கார்பன் சுமார் 230, சாதாரணக் கண்ணாடி நாரான ஈ-கிளாஸ் சுமார் 72. அதெல்லாம் சரி. ஆனால் மூன்று படை கார்பன் தகட்டின் தடிப்பு 0.7 மில்லிமீட்டர்தான் வரும். இரண்டு படை மேட்டோ இரண்டு மில்லிமீட்டரைத் தொடும். ரெசினோடு சேர்ந்த மேட் தகடு விறைப்பில் ஏழெட்டு கிகாபாஸ்கல் என்றாலும் அந்தத் தடிப்பு அதைத் தூக்கி நிறுத்திவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், வெறும் மூன்று படை கார்பனைவிட நம் அழுக்கு மேட் தகடு இரண்டு மடங்குக்கு மேல் வளையாமல் நிற்கிறது!

அப்படியானால் பந்தயக் கார்களில் கார்பன் எப்படி நிற்கிறது? நடுவில் ஒன்றை வைக்கிறார்கள். இரண்டு மெல்லிய கார்பன் படைகளுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் ஃபோம் வைத்தால் எடை அதிகம் ஏறாது, தகடோ இரும்பை மிஞ்சிவிடும். ஃபோம் பலத்துக்காக அல்ல. இரண்டு தோலையும் தள்ளித் தள்ளி வைப்பதற்காக. இந்தச் சூத்திரம் கண்ணாடிக்கும் பொருந்தும் என்பதைத்தான் யாரும் கேட்க விரும்புவதில்லை. நெய்த கண்ணாடித் துணி, நடுவில் ஃபோம், ரெசினை அளந்து போடும் கை. இந்த மூன்றும் இருந்தால் கார்பனின் காசில் சின்னப் பங்குக்கு, அதன் பலனில் பெரும் பங்கு கிடைத்துவிடும்.

சின்னக் காரின் இரும்பு பொனட் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். கவனமாகச் செய்த கண்ணாடி பொனட், அடியில் தாங்கும் விலா எலும்புகளோடு ஆறேழு கிலோ. கார்பனில் மூன்று நான்கு. இரும்பிலிருந்து கண்ணாடிக்கு இறங்கும்போது நல்ல லாபம். கண்ணாடியிலிருந்து கார்பனுக்கு இறங்கும்போது மிச்சமாவது மூன்று கிலோ. மூன்று கிலோ என்பது நான்கு லீட்டர் பெட்ரோல். டாங்க்கை நிரப்பாமல் ஸ்டார்ட் லைனுக்குப் போனால் அதைவிட அதிகமாக மிச்சம் பிடிக்கலாம், காசும் செலவாகாது. இதைச் சொன்னால் பையன்கள் முகம் வாடும்.

கடைகளில் "கார்பன் பொனட்" என்று விற்பதில் பெரும்பாலானவை மேலே ஒரே ஒரு கார்பன் படை, கீழே முழுக்கக் கண்ணாடி மேட். எடையில் கண்ணாடிதான். தட்டிப் பார்க்க வேண்டாம், தூக்கிப் பார்த்தாலே தெரியும். அடிப்பக்கத்தைத் திருப்பினால் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். ஒரு மூலையைச் சுரண்டினால் மேட்டின் தாறுமாறான நார் எட்டிப் பார்க்கும். அழகுக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கினால் யாருக்கும் குறையில்லை. எடை குறையும் என்று நம்பிக் காசைக் கொட்டுவதுதான் வயிற்றெரிச்சல்.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் ஒருவன் வெயிலடிக்கும் கராஜில் கார்பன் போடுவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவன் பட்டறை வேறு, நம் பட்டறை வேறு. ஹட்டன் ஏறத்தாழ 1270 மீட்டர் உயரம், நுவரெலியா 1868. மார்கழி, தையில் விடிகாலை வேலை தொடங்கினால் கண்ணாடிக்குப் போடும் பொலியெஸ்டர் ரெசின் தூங்கிவிடும். வெதுவெதுப்பான நாளில் இருபது நிமிடத்தில் ஜெல்லாக வேண்டியது ஒன்றரை மணி நேரமானாலும் தேனாகவே கிடக்கும். அந்த நேரத்தில் கை துறுதுறுக்கும், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை இன்னும் கொஞ்சம் ஊற்றலாமே என்று. ஊற்றக்கூடாது. நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு, அவ்வளவுதான். கூடினால் தகடு உடையும் குணத்துக்குப் போகும், குறைந்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். அறையைச் சூடாக்க வேண்டும், ரெசின் டின்னை முதல் நாள் இரவே சூடான அறையில் வைக்க வேண்டும், மேட்டையும் உலர வைக்க வேண்டும். நான் வேலை பழகிய பாஸ், விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டே "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பார். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தைக் கையில் அள்ளியே வாட்டம் சொல்லும் பழைய ஆட்களைப் போல. தெர்மாமீட்டர் வாங்கியபிறகும் நான் அந்த விரலைத்தான் நம்புகிறேன்.

அச்சில் ஒட்டாமல் இருக்க மெழுகுக்கு மேல் பீ.வி.ஏ. திரவம் பூசுவோம். மூடுபனி நாளில் அது காயவே காயாது. காய்ந்ததுபோல் இருக்கும், ஜெல்கோட் போட்டதும் மீன் கண்ணாகக் குழி விழும். பத்து மணிக்கு வெயில் வந்து இரண்டு மணிக்குப் பனி இறங்கும் ஊரில், அந்த நான்கு மணி நேரத்துக்குள் பூசி முடித்தாக வேண்டும்.

கார்பனுக்குப் பெரும்பாலும் எபொக்சி ரெசின். அதற்குக் குளிரைவிட ஈரம் பகை. குளிர்ந்த ஈரக்காற்றில் இறுகினால் மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும். எபொக்சியின் ஹார்ட்னரில் இருக்கும் அமைன், காற்றில் இருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து கொடுக்கும் படலம் அது. அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த படையோ க்ளியர்கோட்டோ போட்டால் பிறகு தோல் தோலாக உரிந்து வரும். வெறும் தின்னர் போதாது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பொஞ்சும் வேண்டும், அப்புறம் மணல் தாள்.

இன்னொன்று, இதைத் தெரியாமல் பலர் பம்பைக் குறை சொல்கிறார்கள். வாக்குவம் பை என்றால் என்ன? பைக்குள் இருக்கும் காற்றை எடுக்கிறோம், வெளிக்காற்று பையை அழுத்துகிறது. அழுத்துவது பம்ப் அல்ல, ஆகாயம். கடல் மட்டத்தில் ஆகாயம் 101 கிலோபாஸ்கல் அழுத்தும். நுவரெலியாவில் 81 சொச்சம்தான். அதனால் கொழும்பில் 29 அங்குலப் பாதரசம் காட்டும் அதே பம்ப், அதே கேஜ், நுவரெலியாவில் 24ஐத் தாண்டவே தாண்டாது. பம்ப் பழுதில்லை, ஓட்டையும் இல்லை. அழுத்துவதற்கு மேலே அவ்வளவு காற்றுத்தான் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போனால் படைகள் ஒன்றோடொன்று இறுகுவது குறையும், சின்னக் குமிழ்கள் மிஞ்சும். பெரிய தொழிற்சாலைகள் ஓட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் ஆறேழு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அமுக்கிச் சுடுகின்றன. நாம் மலையுச்சியில் ஒரு பையையும் ஒரு பழைய பம்பையும் வைத்துக்கொண்டு அந்தத் தரத்தைக் கேட்கிறோம்! வேலை கவனமாகச் செய்தால் நல்ல பொனட் வரும், வராமலில்லை. ஆனால் பந்தயக் கார்ப் புத்தகத்தில் இருக்கும் இலக்கத்தை நம் தகட்டுக்கு ஒட்டாதீர்கள்.

சூடும் இருக்கிறது. அறை வெப்பத்தில் இறுகிய எபொக்சியைச் சூட்டில் வைத்து முழுமையாக்காவிட்டால் அது வெயிலில் இளகும். நம்ம ஊர் குளிர் என்று ஏமாறக்கூடாது. பனி விலகியதும் அடிக்கும் மலை வெயிலில் கறுப்பு பொனட் அறுபது எழுபது பாகையைத் தொடும், கீழே எஞ்சின் சூடு வேறு. துணியின் பின்னல் மேலே தெரிந்து எழும்பும், ஓரம் நெளியும். உயரத்தில் புற ஊதாக் கதிரும் கூடுதல். எபொக்சிக்கு அது ஆகாது, மஞ்சளித்துப் போகும். புற ஊதா தடுக்கும் நல்ல க்ளியர்கோட் இல்லாமல் கார்பனை வெளியே காட்டுவது காசை வெயிலில் காயப்போடுவது.

சரி, எந்தப் பாகத்துக்கு எது?

முன் பம்பரின் அடி உதடு, ஸ்ப்ளிட்டர். இதற்குக் கார்பன் கேட்டால் நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை வளைவும் உடைந்த ஓரமும்தான். எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டியே ஆக வேண்டும், ஓரம் கட்டினால் உதடு கல்லில் இடிக்கும். கண்ணாடி இடிபட்டால் அந்த இடம் வெளுக்கும், நார் கிழிந்து தொங்கும், ஆனால் தொங்கிக்கொண்டாவது வீடு வரும். மறுநாள் அரைத்துவிட்டு இரண்டு துண்டு மேட் போட்டால் முடிந்தது. எந்த ஊர் டிங்கரிங் பாஸுக்கும் தெரிந்த வேலை. கார்பன் வெளுத்துக் காட்டாது. உள்ளே படைகள் பிரிந்திருந்தாலும் மேலே பளபளவென்றிருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டிக் டிக்' என்று வந்த சத்தம் 'டொக்' என்று மாறும் இடத்தில் உள்ளே பிரிவு. அதைச் சீர் பண்ணினாலும் பின்னல் பொருந்தாது. உடைந்தால் விளிம்பு கத்திபோல் இருக்கும். ரோட்டோரம் நடக்கும் பிள்ளைகளை நினைத்தாவது தெருவில் ஓடும் காருக்கு அது வேண்டாம்.

கூரைக்குக் கார்பன் என்றால் எனக்குச் சம்மதம். எடை இருப்பதில் மோசமான இடம் காரின் தலைதான். வளைவில் கார் சாய்வது அதனால்தான். உச்சியில் ஐந்து கிலோ குறைப்பது அடியில் ஐந்து கிலோ குறைப்பதைவிட நல்லது. ஆனால் இரும்புக் கூரையை வெட்டி எடுத்தால் உடலின் கட்டுறுதி போகும், உள்ளே ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூடு இல்லாத காருக்கு அதைச் செய்யவே மாட்டேன். பந்தயத்துக்கு மட்டும் ஓடும் கார் என்றால் பேசலாம்.

கதவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கதவுக்குள் பக்கவாட்டு மோதலுக்கென்று இரும்புச் சட்டம் இருக்கும் கார்களில் அதை எடுத்துவிட்டுக் கண்ணாடியோ கார்பனோ வைப்பது எடை குறைப்பு அல்ல.

மோதல் என்றதும் சிலர் ஃபோர்மியூலா வன்னைக் கொண்டுவருவார்கள். 1981இல் மக்லாரன் எம்.பி.4/1 கார்பன் உடலோடு வந்தது. அதே வருஷம் மொன்சாவில் ஜோன் வொட்சன் பலமாக மோதி, எஞ்சின் தனியாகப் பிய்ந்து போயும் ஆள் நடந்து வெளியே வந்தார். உண்மைதான். ஆனால் அது மோதலைத் தாங்குவதற்கென்றே வடிவமைத்த கூடு. நாம் செய்வது எஞ்சினை மூடும் மூடி. அதே பொருள் என்பதற்காக அதே காப்பு வராது. கண்ணாடியைக் கேவலமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: 1953இல் வந்த முதல் கோர்வெட் முழு உடலும் ஃபைபர்கிளாஸ்தான். அந்த முதல் வருஷத்தில் 300 கார் கையால் கட்டினார்கள்.

இங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த வண்டியின் உடல் அலுமினியம். கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியமும் கார்பனும் நேரடியாகத் தொட்டு, நடுவில் மழைத் தண்ணீர் நின்றால் பட்டரி மாதிரி வேலை செய்யும்; தின்னப்படுவது அலுமினியம். கார்பன் துண்டை அலுமினிய ரிவெட்டால் அடித்துவிட்டு ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள், ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். நம் ஊரில் மழைக்காலம் என்ன, மழை இல்லாத காலம்தான் விசேஷம். தொடும் இடத்தில் எல்லாம் ஒரு படை கண்ணாடித் துணி போட்டு இரண்டையும் பிரிக்க வேண்டும், ஆணிக்கு ஸ்டெயின்லெஸ் வேண்டும். கண்ணாடிப் பாகத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. ரேடியோ எண்டெனாவையும் அது மறைக்காது.

காசைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய காரின் ஒரு பொனட்டுக்குக் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எனக்கு வேலை பெருகியதும் அப்போதுதான். அப்போது செய்த அச்சுகள் இன்றும் சோறு போடுகின்றன. அதனால் கார்பனுக்கு வைத்திருக்கும் காசில் பாதியை முதலில் அச்சுக்குப் போடு என்று எல்லாப் பையன்களிடமும் சொல்கிறேன். நெளிந்த அசல் பொனட்டின் மேல் அச்சு எடுத்தால் நெளிவும் சேர்ந்துதான் வரும். அதை எந்த விலை உயர்ந்த துணியும் திருத்தாது. நேரான அச்சு இருந்தால் இன்று கண்ணாடியில் எடுக்கலாம், நாளைக்குக் காசு வந்தால் அதே அச்சில் கார்பன் எடுக்கலாம்.

வீட்டில் தானே முயலப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரெசின் வேகமாக இறுகக் கலக்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றாதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டின்னைத் திறக்கக்கூடாது. கார்பனை அரைக்கும் தூள் கடத்தி என்பதால் கிரைண்டருக்குள்ளும் பிளக்குக்குள்ளும் புகுந்து ஷோர்ட் ஆக்கும். தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது நல்லது. முகத்தில் துணி கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது.

இப்போது பட்டறையில் ஒரு ஸ்டார்லெட் பொனட் அச்சில் இருக்கிறது. கொட்டகலைப் பையன் ஒருவனுடையது, ரதெல்லவில் ஓடப் போகிறானாம். நெய்த கண்ணாடித் துணி, நடுவில் ஃபோம். விலா எலும்புகளில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கார்பன் பட்டை; விறைப்பு உண்மையிலேயே தேவைப்படும் இடம் அதுதான். பொனட்டைப் பூட்டும் ஊசி (பொனட் பின்) நான்கு மூலையிலும், அதுவும் அடியில் தகடு வைத்து. அவனுக்கு ஒரே கவலை, மேலே கார்பன் பின்னல் தெரியுமா என்று. "தெரியாது தம்பி, எல்லாம் அடியில்தான்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். ராத்திரி ஃபோன் பண்ணி, அப்படியென்றால் மினுக்கமில்லாத மட் கறுப்பு அடிக்கலாமா என்று கேட்டான். அடிக்கலாம். வெயிலில் சூடேறும் என்பதையும் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறானாம்.